ஊர் மாறும்போது பள்ளியை எடைபோட நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள்

வேலை மாற்றல் உறுதியானதும் பலரும் முதலில் தேடுவது புது ஊர்ப் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலைத்தான். தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து, மேலே இருக்கும் நாலைந்து பெயர்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண், அங்கே எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைவிட யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதையே அதிகம் காட்டும். நுழைவுத்தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியில் மதிப்பெண் உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. உள்ளே வரும்போதே அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பவர்கள்.

சிறிய பள்ளி என்றால் எண்ணை நம்புவது இன்னும் கடினம். 20 பேர் தேர்வு எழுதும் இடத்தில் ஒருவர் தவறினாலே 5 சதவீதம் இறங்கிவிடும். மூன்று பேர் தவறினால் 15. ஒரே ஆண்டின் முடிவை வைத்து அந்தப் பள்ளி தேய்ந்துவிட்டது என்றோ வளர்ந்துவிட்டது என்றோ சொல்ல முடியாது. குறைந்தது ஐந்து ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது தேர்வு எழுதிய மாணவர் அணியில் இரண்டு ஆண்டுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? 90 பேர் இருந்த அணியில் 70 பேர்தான் எழுதினார்கள் என்றால், மீதி 20 பேர் எங்கே போனார்கள் என்று தெரியாமல் 100 சதவீதத் தேர்ச்சிக்கு ஒரு பொருளும் இல்லை.

சில இடங்களில் இதைவிட நேர்மையான அளவுகோல் உண்டு. இங்கிலாந்தில் 2016 முதல் வெளியான ‘புரோகிரஸ் 8’ என்ற எண், தொடக்கப்பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு, ஒரு பள்ளி தன் மாணவர்களை எவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது என்று காட்டியது. போகிற ஊரில் இப்படி வளர்ச்சியை அளக்கும் எண் ஏதாவது கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பட்டியலை மூடிவைத்துவிட்டு, பிள்ளையின் கணக்கு நோட்டை எடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளை இந்த ஆண்டும் போன ஆண்டும் எழுதிய கணக்கு நோட்டுகள், பாடப்புத்தகங்கள் இரண்டையும் மேசையில் வையுங்கள். புதுப் பள்ளியிடம் மூன்று வகுப்புகளின் கணக்குப் பாட அட்டவணையைக் கேளுங்கள்: பிள்ளை சேரப்போகும் வகுப்பு, அதற்கு முந்தையது, பிந்தையது. ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டு, தெரிந்த பாடம், மறுபடி படிக்கப்போகும் பாடம், இரண்டு ஊரிலும் விட்டுப்போகும் பாடம் என்று பிரித்து எழுதுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். இங்கே அடுத்த ஆண்டு நடத்துவதாக இருந்த பாடத்தை அங்கே போன ஆண்டே முடித்திருப்பார்கள். புது ஆசிரியர் அது தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போவார். பின்னம், குறை எண்கள், விகிதம், இயற்கணிதத்தின் முதல் படி ஆகியவைதான் பெரும்பாலும் இப்படி நழுவுகின்றன. ஆறு மாதம் கழித்து ‘கணக்கு வரவில்லை’ என்ற புகாராக அது திரும்பி வரும். அந்த ஒரு பாடத்தை மட்டும் விடுமுறையில் உட்கார்ந்து முடித்துவிட்டால் போதும். முழுப் புத்தகத்துக்கும் டியூஷன் தேவைப்படாது.

பாடங்களை அடுக்கும் முறையையும் கவனியுங்கள். ஒரே பாடத்தை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தும் சுருள் முறை ஒன்று. ஓராண்டில் ஒரு பகுதியை முழுவதுமாக முடித்துவிடும் முறை இன்னொன்று. அமெரிக்காவில் பல பள்ளிகளில் இயற்கணிதம் ஓர் ஆண்டு, வடிவியல் ஓர் ஆண்டு, மறுபடி இயற்கணிதம் ஓர் ஆண்டு என்று தனித்தனியாக நடக்கும். சுருள் முறையில் படித்த பிள்ளை அங்கே போனால் எல்லாம் பாதி தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது. இதைத் தரக்குறைவு என்று நினைத்து ஒரு வகுப்பு இறக்கிச் சேர்ப்பது பெரிய தவறு.

எழுதும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைப்பார்கள். மூன்றரையை 3,5 என்றுதான் எழுதுவார்கள். நீள்வகுத்தலில் வகுக்கும் எண்ணை எந்தப் பக்கம் எழுதுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சேர்க்கைத் தேர்வுக்கு முன் ஒரு மணி நேரம் இதைக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்த கணக்கிலும் மதிப்பெண் போகும்.

அறிவியலில் வேதியியல் தவிர மற்றதில் விட்டுப்போனதைப் பிடித்துவிடலாம். வரலாறும் புவியியலும் அந்தந்த ஊரைச் சார்ந்தவை. முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தால் கவலைப்பட வேண்டாம்.

மொழி அப்படியில்லை. பயிற்றுமொழி மாறினால் பேச்சுமொழி ஒரு வேகத்திலும் பாடமொழி வேறொரு வேகத்திலும் வரும். கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் வகுப்பறையிலும் சரளமாகப் பேச ஏறக்குறைய 2 ஆண்டுகள் போதும். பாடப்புத்தக மொழியில் உடன்படிப்பவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். ‘நன்றாகப் பேசுகிறாளே’ என்று ஆசிரியர் சொல்வதை நம்பி மொழி உதவியை நிறுத்தினால், வாக்கியக் கணக்கிலும் கட்டுரையிலும் பிள்ளை திணறும். ஆகவே, தனி மொழி வகுப்பு வாரத்துக்கு எத்தனை பீரியட், எத்தனை ஆண்டு தருவார்கள் என்று கேளுங்கள். அதற்காக எந்தப் பாடவேளையிலிருந்து பிள்ளையை வெளியே அழைத்துப் போவார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். கணக்கு வேளையில் என்றால் ஒரு பள்ளத்தை மூட இன்னொன்றைத் தோண்டுவதாகிவிடும்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை வயதுக் கெடு தீர்மானிக்கும். இங்கிலாந்தில் கல்வியாண்டுக் கணக்கு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் 31இல் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே இளையது. ஜப்பானில் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியில். கண்டம் விட்டுக் கண்டம் போனால் அரை ஆண்டு முன்னே தாவ வேண்டும், அல்லது பின்னே வர வேண்டும். தொடக்க வகுப்புகளில் பின்னே வருவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், முடிந்தால் மாற்றவே வேண்டாம். பல நாடுகளின் பள்ளிகளில் நடக்கும் சர்வதேசப் பாடத்திட்டமான ஐ.பி.யின் இரண்டு ஆண்டு டிப்ளமாவில் ஆறு பாடங்கள், 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, பள்ளிக்குள்ளேயே நடக்கும் மதிப்பீடுகள் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அதன் நடுவில் பள்ளி மாறுவது மிகவும் சிரமம்.

மதிப்பெண் பட்டியலை அப்படியே கொடுத்தால் புது ஊரில் தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்தது, 6 மிக மோசம். ஐ.பி. பாடங்களில் 7தான் உச்சம். பழைய பள்ளியின் முத்திரையோடு மதிப்பெண் முறையை விளக்கும் ஒரு பக்கத்தை வாங்கி இணைத்துவிடுங்கள்.

பள்ளியின் விளம்பரத்தாளில் ‘12 மாணவருக்கு ஓர் ஆசிரியர்’ என்று போட்டிருக்கும். வகுப்புக்குள் போனால் 34 பேர் உட்கார்ந்திருப்பார்கள். பொய் சொல்லவில்லை. விளையாட்டு, இசை, நூலகம், சிறப்பு உதவி என்று எல்லா ஆசிரியர்களையும் கூட்டி மாணவர் எண்ணிக்கையை வகுத்திருக்கிறார்கள். அந்த விகிதம் வேறு, வகுப்பின் அளவு வேறு. சிறு வயதில் அளவு முக்கியம் என்பதற்கு ஆதாரம் உண்டு: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வில், மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை 13–17 பேர் கொண்ட வகுப்புகள் 22–25 பேர் கொண்ட வகுப்புகளைவிடச் சிறப்பாகப் படித்தன. ஆகவே ‘என் பிள்ளை சேரும் பிரிவில் இன்று எத்தனை பேர்?’ என்று நேராகக் கேளுங்கள். அந்த நிலை வகுப்புகளில் போன ஆண்டிலிருந்து எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்பது அடுத்த கேள்வி. பாதிக்கு மேல் மாறியிருந்தால் காரணம் தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

பள்ளியைப் பார்க்கப் போவது சாதாரண வேலை நாளாக இருக்கட்டும். பெற்றோர் வந்து பார்ப்பதற்கென்றே பள்ளி வைக்கும் ‘திறந்த நாள்’ நிகழ்ச்சியில் தெரிவது அலங்காரம். மாணவர் நோட்டு மூன்று காட்டச் சொல்லுங்கள். முதல் மாணவருடையது வேண்டாம், நடுத்தரமாகப் படிப்பவருடையது வேண்டும், பெயரை மறைத்துக் காட்டினால் போதும் என்று சொல்லிக் கேளுங்கள். கடைசியாகத் திருத்திய தேதி என்ன? வெறும் டிக் மட்டுமா, தவறைச் சுட்டி மறுபடி செய்யவைத்திருக்கிறார்களா? தேதி ஒரு மாதம் பழையது என்றால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அங்கே கற்பித்தல் தளர்ந்திருக்கிறது. பிறகு கழிப்பறையைப் பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கால் மணி நேரம் நின்று, பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் பேசும் தொனியைக் கேளுங்கள்.

அந்தத் தொனியில்தான் ஊரின் பண்பாடு வகுப்பறைக்குள் வருகிறது. ஓர் ஊரில் ஆசிரியர் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. வேறோர் ஊரில் அது எதையோ மறைப்பதாகப் படும். ஓரிடத்தில் கேள்வி கேட்காத பிள்ளை அடக்கமான பிள்ளை. இன்னோரிடத்தில் பாடம் புரியாத பிள்ளை. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் பள்ளிகளும் உண்டு. முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம், ‘பழைய பள்ளியில் கேட்டால்தான் பேசுவார்கள், அதனால் அமைதியாக இருப்பாள்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பல தவறான கணிப்புகள் தடுக்கப்படும். பெற்றோருக்கும் இது பொருந்தும். சொல்லாமல் பள்ளிக்கு வருவது அக்கறையா, தலையீடா? செய்முறைப் பணியில் பெற்றோர் எவ்வளவு கைகொடுக்கலாம்? ஏற்கெனவே அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊரைப் பார்க்கச் சனிக்கிழமை போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை போங்கள். காலையில் பள்ளி நேரத்துக்கு, குடியிருக்க நினைக்கும் தெருவிலிருந்து பள்ளிவரை அதே வழியில் போய்ப் பாருங்கள். மாலை நான்கு முதல் ஆறு மணிவரை அந்தத் தெருவில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? எல்லோரும் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய்விட்டால், உங்கள் பிள்ளைக்கு விளையாட ஆளிருக்காது. ஒரு வகுப்பிலாவது சேர்ப்பது நட்புக்காகவே தேவைப்படும்.

முகவரியை வைத்து இடம் ஒதுக்கும் ஊர் என்றால் வீட்டை முதலில் பிடிக்காதீர்கள். எல்லைக்கோடு தெருவின் நடுவில் போகும். ஒரு பக்க வீடுகளுக்கு ஒரு பள்ளி, எதிர்ப்பக்கத்துக்கு வேறு பள்ளி. வீட்டுத் தரகர் சொல்வதை வைத்து முன்பணம் கொடுக்காமல், கதவு எண்ணோடு கல்வி அலுவலகத்துக்கு எழுதி, அடுத்த ஆண்டுக்கும் அதே எல்லைதானா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

சேர்ந்த பிறகு எப்போது எடைபோடுவது? நார்வே நாட்டவரான லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் தங்கிய நார்வேயர்களில் 6 மாதத்துக்கும் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள், இடைப்பட்டவர்களே சிரமப்பட்டார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்றில்லை. ஆனாலும் எட்டாவது மாதச் சோர்வை மட்டும் வைத்து மறுபடி பள்ளியை மாற்ற வேண்டாம். பொதுவான சோர்வு வேறு. குறிப்பிட்ட ஒரு பாடவேளைக்கு மட்டும் வயிற்றுவலி வருவது வேறு. இரண்டாவது வகை என்றால் காத்திருக்காமல் அந்த வாரமே பள்ளியில் பேசுங்கள்.

பழைய பள்ளியில் வாங்க வேண்டிய தாள்களைக் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துப் போட ஆளிருக்காது. மாற்றுச் சான்றிதழ், இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிப் பதிவு, மொழி மாறினால் சான்றளித்த மொழிபெயர்ப்பு ஆகியவற்றை எல்லோரும் வாங்குவார்கள். பலரும் கேட்க மறப்பது, ஒவ்வொரு பாடத்திலும் எந்த அத்தியாயம்வரை முடிந்திருக்கிறது என்று வகுப்பாசிரியர் தேதியிட்டு எழுதித் தரும் ஒரு பக்கம். புது ஆசிரியருக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதுதான் உதவும். அதையும் கணக்கு நோட்டுகளையும் லாரியில் ஏற்றும் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கேட்பார்கள்.