ஒரே விதை, இரண்டு விளைச்சல்

திருகோணமலையில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகள் ஐஸும் டீசலும் ஏற்ற எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று பார்க்க ஆர் (R) என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு சிமுலேஷன் எழுதியிருந்தேன், அதாவது தற்செயல் எண்களை வைத்துப் படகு வரிசையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது. உப்புவெளியில் வீட்டு லேப்டாப்பில் ஓட்டினால் சராசரி 41 நிமிடம். அதே ஃபைலை ஆன்லைன் ஆரில் ஏற்றி ஓட்டினால் 53. "எதை அண்ணா நம்புறது?" என்றான் தம்பி.

இரண்டிலும் விதை எண் (seed), அதாவது தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லும் எண், 1. அதைப் போட்டுவிட்டால் எங்கே ஓட்டினாலும் ஒரே எண்கள்தான் வரும் என்று இத்தனை நாளும் நம்பியிருந்ததால், ஒரு நாள் முழுக்கத் தரவு ஃபைலில் கமா இடம் மாறியிருக்கிறதா, தசமம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தேடி, நடுவில் கரண்டும் போய், மூன்று தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம்.

அப்புறம் கடைசி விடையைப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பத்து எண்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். படகுகள் வரும் இடைவெளி அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். ஏற்ற எடுக்கும் நேரம், அதாவது பட்டியலிலிருந்து தற்செயலாக எடுக்கும் சாம்பிள் (sample) கட்டளை பொறுக்கித் தருவது, முதல் எண்ணிலேயே வேறு. சரி, கள்ளன் இங்கேதான்.

லேப்டாப்பில் இருந்தது ஆரின் 3.5 பதிப்பு. 2019இல் வந்த 3.6.0இல் சாம்பிள் பொறுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். பழையது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணைப் பெருக்கி முழு எண்ணாக வெட்டும். பட்டியல் மிகப் பெரிதென்றால் சில எண்களுக்கு வாய்ப்பு ஒரு துளி கூடிவிடும். புதியது பிட்களாக எடுத்து, எல்லை தாண்டினால் எறிந்துவிட்டு மறுபடி எடுக்கிறது. படகு வரும் இடைவெளிக்கு நான் வேறு கட்டளையால் எடுத்த எக்ஸ்பொனன்ஷியல் வகைத் தற்செயல் எண்களை இந்த மாற்றம் தொடவில்லை.

லேப்டாப்பிலும் புதியதைப் போட்டேன். அப்பவும் 41! முன்பு சேமித்த வேர்க்ஸ்பேஸ், அதாவது பழைய வேலையின் நிலையை வைத்திருக்கும் ஃபைல், ஆரைத் திறக்கும்போதே தானாக ஏறி, பழைய முறையையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு ஓட்டினேன், 53.

தம்பியின் கேள்வி அப்படியே இருந்தது. விதையை மாற்றி மாற்றி ஆயிரம் தடவை ஓட்டினால் இரண்டு முறையிலும் சராசரி 47க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரே ஓட்டத்தை விடை என்று நினைத்தது என் பிழை. போன கிழமை ஐஸ் ஏற்றுகிற அண்ணரிடம் 41 என்று பெரிதாகச் சொல்லியிருந்தேன், அவர் சிரித்துவிட்டு "முக்கால் மணித்தியாலம் தம்பி" என்றார்.