குரோஷியப் பயணம்: படகு அட்டவணையில் தொடங்கிய திட்டம்

பெற்றோரையும் அழைத்துக்கொண்டு குரோஷியாவின் கடற்கரைக்குச் செல்வது என்று முடிவானதும், விடுதிகளைத் தேடுவதற்கு முன்பே படகு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டோம். அட்ரியாட்டிக் கடலோரம் முழுவதும் தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்த நாட்டில், டுப்ரோவ்னிக் நகருக்கு ரயிலே கிடையாது. ஸ்பிலிட் நகரிலிருந்து ஹ்வார், கோர்ச்சுலா தீவுகளைத் தொட்டு டுப்ரோவ்னிக் வரை செல்லும் விரைவுப் படகுகளும் கோடைப் பருவத்தில்தான் ஓடுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் என்பதால், கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிற, படகுகளும் குறையாத செப்டம்பர் முற்பாதியைத் தேர்ந்தெடுத்தோம்.

அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஹ்வார் என்பது தீவின் பெயர், அதிலுள்ள ஊரின் பெயரும் அதுவே. யாத்ரோலினியா என்ற அரசு நிறுவனம் இயக்கும், கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஸ்பிலிட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஸ்டாரி கிராட் துறையில் இறக்கிவிடும்; அங்கிருந்து ஹ்வார் ஊருக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். பயணிகளை மட்டும் ஏற்றும் விரைவுப் படகான கட்டமரான் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நேரே ஊருக்குள் கொண்டு சேர்க்கிறது. பெட்டிகளோடு வரும் வயதானவர்களுக்குக் கட்டமரானே வசதி. ஆனால் வடகிழக்கிலிருந்து வீசும் பூரா காற்றோ, தெற்கிலிருந்து வரும் யூகோ காற்றோ வலுத்தால் முதலில் ரத்தாவதும் அதுதான். ஆகவே தீவில் தங்குவதைப் பயணத்தின் நடுவில் வைத்து, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவுகளைத் தரைப்பகுதியில் கழிப்பதாக அமைத்துக்கொண்டோம்.

அடுத்தது விசா. 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்தது, அதே நாளில் யூரோவையும் ஏற்றுக்கொண்டது; ஆகையால் தனி விசா, குனா நாணயம் என்று பேசும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரசீதுகள், அப்பாவின் ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைச் சேர்ப்பதைவிட அதிக நேரம் பிடித்தது, எத்தனை முறை நுழைவதற்கு விசா கேட்பது என்ற கேள்விதான்.

காரணம் நிலவரைபடத்தில் இருக்கிறது. குரோஷியாவின் கடற்கரையை நேயும் என்ற ஊரில், ஷெங்கனில் சேராத அண்டை நாடான பொஸ்னியா குறுக்கே வெட்டுகிறது. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு அந்த வழியில் சென்றால், எல்லையைத் தாண்டியதுமே ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறியதாகிவிடும், மறுபடி உள்ளே வர முடியாது. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெலியேஷாட்ஸ் பாலம் இந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு கடல்மேலேயே செல்வதால் இப்போது அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் பேருந்தோ வாடகைக் காரோ எந்த வழியாகச் செல்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. அம்மாவுக்கு பொஸ்னியாவில் உள்ள மோஸ்டாரின் பழைய பாலத்தைப் பார்க்க ஆசை என்பதால், காரணத்தைக் கடிதத்தில் எழுதிப் பலமுறை நுழைவு கேட்டோம். ஒருமுறை நுழைவுதான் கிடைத்தது; மோஸ்டாரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

தங்குமிடங்களில் நான் எல்லா வீட்டுக்காரர்களிடமும் கேட்டது, தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படிகள் என்பதே. ஸ்பிலிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அறைகள் அழகானவை, ஆனால் செங்குத்தான கல்படிகளில் முழங்கால் வலியோடு ஏற முடியாது. படகுத்துறை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவற்றின் அருகே தரைத்தள வீடு ஒன்றைப் பிடித்தோம். டுப்ரோவ்னிக்கில் பழைய நகருக்கு வெளியே லாபாட் பகுதியில் தங்கி, பேருந்தில் போய்வந்தோம். அங்கே நகர மதிலுக்குத் தனியாகச் சீட்டு வாங்குவதைவிட, ஏறத்தாழ அதே விலையில் பேருந்தையும் அருங்காட்சியகங்களையும் சேர்த்துத் தரும் டுப்ரோவ்னிக் பாஸ் வாங்குவதே சரி.

இரண்டு இடத்திலும் சமையலறை இருந்ததால் சாப்பாட்டுக் கவலை பெரிதாக இல்லை. பிலித்வா என்று கீரையையும் உருளைக்கிழங்கையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருகிறார்கள். வீட்டுக் கீரைப் பொரியலுக்கு அது தூரமில்லை. பொடி வகைகளைக் கொண்டுசெல்லத் தடையில்லை, ஆனால் பால், இறைச்சிப் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்ற விதி இருப்பதால், அம்மா பெட்டியில் வைத்திருந்த நெய் டப்பாவைச் சென்னையிலேயே எடுத்து வைத்துவிட்டு, நல்லெண்ணெய்ப் புட்டியை அந்த இடத்தில் செருகினோம்.