ஒன்றைத் தாண்டாத குமிழ்

காரைக்குடி வீடொன்றில் இன்று ஒரு 40 வாட் ட்யூப் (வால்வு) கிட்டார் ஆம்ப். வால்யூம் குமிழ் ஒன்றைத் தாண்டவில்லை. அதற்கே சுவரில் தொங்கிய ஐயாக்களின் படக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன.

வால்வை அதன் எல்லைவரை தள்ளி ஓட்டும்போது லேசாகக் கரகரக்குமே, அங்கேதான் ருசி. 40 வாட்டில் அது வருவதற்குள் பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நிற்பார்.

வீட்டுக்கு ஒற்றை இஎல்84 வால்வு போட்ட 5 வாட் ஆம்ப் தாராளம். குறைவது 9 டெசிபல்தான். 5 வாட்டும் சத்தம்தான். அதனால் மாஸ்டர் வால்யூமோ (கரகரப்பை விட்டுவிட்டு மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் குமிழ்) அட்டெனுவேட்டரோ (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தைக் குறைக்கும் கருவி) இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் தரையில் ஒலி எகிறும். ஆம்புக்கு முன்னால் ஜமுக்காளம் விரியுங்கள்.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

அமெரிக்க 120 வோல்ட் ஆம்பை நேரே நம் 230-இல் செருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மரும்.