காசல்ரீ குளிரில் போட் மோட்டார் அடம்பிடித்தால்

மலையகத்தில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் பக்கம் போட் வைத்திருக்கிறவர்கள் என்னிடம் கொண்டுவருகிற முறைப்பாடு அநேகமாக இரண்டுதான். காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் மோட்டார் பிடிக்காது, அப்புறம் கட்டி வைத்த இடத்தில் தண்ணீர் மேல் ஒயில் மிதக்கும். இரண்டையும் தனித்தனி வியாதியாக நினைத்து ஒன்றுக்கு ப்ளக், இன்னொன்றுக்கு சீல் என்று மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். மலையில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் (பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றுகிற வகை) பல தடவை இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பெற்றோல் அதிகம், காற்று குறைவு.

எனக்குத் தெரிந்த மோட்டார்களில் பல, நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் கடலில் ஓடிக் கைமாறி வந்தவை. அந்த காபரேட்டர், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலக்கிற பாகம், கடல் மட்டத்துக் காற்றுக்குச் சரிசெய்தது. காசல்ரீ 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா கிரகரி வாவி இன்னும் மேலே, 1,800 மீற்றரையும் தாண்டி. இங்கே காற்று மெலிசு, ஆனால் காபரேட்டரில் பெற்றோல் வருகிற சின்னத் துளையான ஜெட் அதே அளவு பெற்றோலைத்தான் விடுகிறது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் குறையும் என்பது இஞ்சின்காரர்களின் பொதுக்கணக்கு, அதனால் கீழே ஓடின வேகம் இங்கே வராததற்கு மோட்டாரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். டாங்கி மூடியில் இருக்கிற காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, கையால் அமுக்குகிற ரப்பர் பம்ப் இறுகுகிறதா, சிவப்புப் பாதுகாப்புக் கயிறு சுவிட்சில் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா. பம்ப் இறுகவே இல்லையென்றால் குழாய் இணைப்பில் இருக்கிற ஓ-ரிங் காற்றை இழுக்கிறது என்று சந்தேகப்படலாம்.

எல்லாம் சரியென்றால் ப்ளக்கைக் கழற்றுங்கள், அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். காய்ந்து இருந்தால் பெற்றோல் வரவில்லை. கறுத்து ஈரமாக, விரலில் பசைபோல ஒட்டினால் பெற்றோல் மூழ்கடித்துவிட்டது, இந்தப் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். குளிருக்கு சோக் (காற்றை அடைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற விசை) வேண்டும் என்பது உண்மை, ஆனால் ஒன்றிரண்டு இழுவையில் ஒரு தடவை இருமினவுடனே சோக்கைத் தள்ளிவிட வேண்டும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஏற்கெனவே அதிகமான பெற்றோல் இன்னும் அதிகமாகும். மூழ்கிவிட்டால் ப்ளக்கைக் கழற்றி, பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிவிட்டு (பொறி வந்தால் தீ பிடிக்கும், இதில் அலட்சியம் வேண்டாம்) நாலைந்து தடவை இழுத்து உள்ளே கிடப்பதை வெளியேற்றுங்கள். ப்ளக்கைத் துடைத்துப் போட்டு, சோக் இல்லாமல் திரொட்டிலைத் திறந்து இழுத்தால் அநேகமாகப் பிடிக்கும்.

மண்ணெண்ணெய் மோட்டார் என்றால் இன்னொன்று. சாயங்காலம் நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடாவிட்டால் காபரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய்தான் நிற்கும், மறுநாள் விடியற்காலைக் குளிரில் அது ஆவியாகாது, நீங்கள் என்ன இழுத்தாலும் சரி.

நிரந்தரமாகச் சரிசெய்ய மெயின் ஜெட்டை ஓரளவு சின்னதாக்க வேண்டும், மெதுவோட்டத்தைச் சரிசெய்கிற ஐடில் திருகையும் கால் சுற்று, கால் சுற்றாகப் பார்த்துத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் கலவை மெலியும் என்பது காபரேட்டரைப் பொறுத்தது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கைவையுங்கள். அந்த மோட்டார் மறுபடி கடலோரம் போனால் பழைய ஜெட் கட்டாயம் போட வேண்டும், மெலிந்த கலவையில் ஓடினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

சரி, ஒயில். நோர்வூட்டில் ஒரு தம்பி பதறிக்கொண்டு வந்தான். "அண்ணே, கிரேங்க் சீல் போயிருச்சு, இஞ்சினப் பிரிக்கணும்னு கராஜ்ல சொல்றாங்க." மோட்டாரை நிமிர்த்தி வைத்து அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுக்க விட்டோம். காலையில் அட்டையில் கறுப்பாக, தண்ணியாக, பெற்றோல் மணக்கிற சொட்டுகள், அதுவும் ப்ரொப்பெலர் நடுவில் இருக்கிற புகைவழியிலிருந்து. எரியாத டூ ஸ்ட்ரோக் ஒயில்தான் அது. பெற்றோல் 50 பங்குக்கு ஒயில் 1 பங்கு என்றால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், அவன் "இஞ்சினுக்கு நல்லது" என்று ஒரு மூடி கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தான், மீன்பிடிக்க நாள் முழுக்க மெதுவாகவும் ஓட்டுகிறவன். கலவையை அளந்து ஊற்றி, ஜெட்டை மாற்றிக் கொடுத்தோம். ஒழுகல் அடங்கியது, காலை ஸ்டார்ட்டும் சரியானது. சீலில் கைவைக்கவே இல்லை.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதே வியாதி உள்ளுக்குள் ஒளிந்திருக்கும். குளிரில் மெதுவாகவே ஓட்டினால் எரியாத பெற்றோல் ஒயிலில் இறங்கும், அளவுகோலில் ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறும், முகர்ந்தால் பெற்றோல் மணக்கும். அப்படியானால் உடனே ஒயிலை மாற்றுங்கள். கழற்றிப் படுக்க வைப்பதும் புத்தகத்தில் சொன்ன பக்கமாகத்தான், மாற்றிப் படுக்க வைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் போய் மறுநாள் புகையாக வரும்.

இதிலெல்லாம் சேராதது கியர் ஒயில். தடித்து, கந்தக வாடையோடு, அடியில் இருக்கிற கியர்பெட்டியிலிருந்து வந்தால் நிஜமாகவே சீல் அல்லது திருகு வொஷர் போய்விட்டது. கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் பிடித்துப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அதோடு ஓட்டினால் பல்சக்கரமும் பெயரிங்கும் துருப்பிடித்துப் போகும். ப்ரொப்பெலரைக் கழற்றினால் பின்னால் தண்டில் தங்கூசி (தூண்டில் நைலோன்) நரம்பு சுற்றிச் சீலை அறுத்திருப்பதைப் பல தடவை பார்க்கலாம், வரட்சியில் தண்ணீர் இறங்கி வலை, தூண்டில் மிச்சமெல்லாம் மேலே வருகிற மாதங்களில் இது அதிகம். புது ஒயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும், மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும். வடித்த ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள். காசல்ரீ தண்ணீர் கடைசியில் களனி கங்கைக்குத்தான் போகிறது, வழி நெடுக அதைக் குடிக்கிற சனம் இருக்கிறது.