இங்கிலீஷ் வழியாகப் போக வேண்டாம்

குளிர்காலத்தில் குன்னூருக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தோட்டத்தையும் டீ ஃபேக்டரியையும் சுற்றிக் காட்டுவது என் வேலை. சீசன் ஓய்ந்த மாதங்களில் தங்கும் விடுதிகளின் அறிவிப்புகளையும் மெனுவையும் இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றித் தருகிறேன். பெயர்ச்சொல் என்னை என்றுமே பெரிதாகப் படுத்தியதில்லை. அகராதியில் கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிவிடலாம். படுத்துவதெல்லாம் ஸ்டில், ஜஸ்ட், யெட், ஆல்மோஸ்ட், ஆக்சுவலி, ஈவன்சுவலி போன்ற சின்னச் சின்ன வினையடைகள்.

பிரெஞ்சு வகுப்பில் வினையடைக்குச் சொல்லித்தரும் விதி சுலபமானது. மெதுவான என்பதற்கு ‘லான்’, அதன் பெண்பால் ‘லான்த்’, அதோடு ‘மான்’ சேர்த்தால் ‘லான்த்மான்’, மெதுவாக. அந்த ‘மான்’ லத்தீனில் மனம் என்ற பொருளுள்ள ‘மென்தே’யிலிருந்து வந்தது. நாம் ‘ஆக’ சேர்ப்பதுபோல அவர்கள் மனத்தைச் சேர்க்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. ஆனால் தினமும் வாயில் வரும் வினையடைகளில் பாதிக்குமேல் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. அடங்குவதுபோல் தெரிகிறவைதான் இன்னும் ஆபத்து.

மழைக்காலத்தில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயில் நின்றுபோவது நமக்குப் பழகிய சங்கதி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டர் பாதையில் பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ரயில் ஏறுவது அந்தப் பகுதியில்தான். அப்படி நின்ற ஒரு சமயம், ஒரு விடுதியில் பிரெஞ்சு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பாதை ஈவன்சுவலி, அதாவது கடைசியில் எப்படியும், திறக்கப்படும் என்பதை ‘எவான்துயெல்மான்’ போட்டு எழுதியிருந்தார்கள். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான், பொருள் வேறு. ‘திறந்தாலும் திறக்கலாம்’ என்று அதைப் படித்த ஒரு தம்பதி, ரயிலுக்காகக் காத்திருக்காமல் மைசூருக்குக் கார் பேசிக் கிளம்பிவிட்டார்கள். ஆக்சுவலியும் இதே ரகம். ‘அக்துயெல்மான்’ என்றால் ‘தற்போது’. நம் ஊர்ப் பையன்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும் அந்த ‘ஆக்சுவலா’வுக்குப் பிரெஞ்சில் ‘ஆன் ஃபேத்’ என்று வேறொரு சொல் இருக்கிறது.

அந்த அறிவிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்? ‘ஃபினீர் பார்’ என்று ஒரு வினை உண்டு. முடிப்பது என்ற வினையை வைத்தே ‘கடைசியில் நடந்துவிடும்’ என்பதைச் சொல்லிவிடுவார்கள். நாம் என்ன செய்கிறோம்? ‘திறந்துவிடும்’ என்று ஒரு துணைவினையைச் சேர்க்கிறோம். இதைக் கவனித்த பிறகு என் வேலையே மாறிப்போனது. இங்கிலீஷ் வினையடையின் தலையில் ஏற்றுகிற சுமையைத் தமிழும் பிரெஞ்சும் பல இடங்களில் வினையிடம் கொடுத்துவிடுகின்றன. லாம்ப்ஸ் ராக் காட்சிமுனைப் பக்கம் பாசியில் கால் வழுக்கினால் இங்கிலீஷ்காரருக்கு ‘நியர்லி’ வேண்டும். நாம் ‘விழப் பார்த்தேன்’ என்கிறோம். பிரெஞ்சுக்காரர் ‘ஜே ஃபையீ தோம்பே’ என்கிறார். அதிலும் வினையோடு வினைதான், வினையடையே கிடையாது. ரயில் இப்பதான் போச்சு என்பதற்கும் ‘வியேன் த பார்த்தீர்’, அதாவது புறப்படுவதிலிருந்து வருகிறது என்கிறார்கள். ஜஸ்டுக்கு அங்கே இடமே இல்லை.

‘இன்னும்’ என்ற நம் சொல்லின் அருமையை நான் உணர்ந்தது ஃபேக்டரியில்தான். இலையை வாடப்போட்டிருக்கும் நீளத் தொட்டிகளின் பக்கத்தில் நின்று டீமேக்கர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு கைப்பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் அழுத்துவார். சரியாக வாடியிருந்தால் இலை பட்டுத்துணிபோல் மடங்கிக் கிடக்கும், வாடாதது நிமிர்ந்துகொள்ளும். “இன்னும் வாடலம்மா” என்பார். ‘பா ஸான்கோர்.’ “இன்னும் நாலு மணி நேரம் ஆகும்.” ‘ஆன்கோர்.’ சுவை பார்க்கும் மேஜையில், “இது இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்.” மறுபடி ‘ஆன்கோர்’. “இன்னும் ஒரு கப் குடிக்கச் சொல்லுங்க.” அதுவும் ‘ஆன்கோர்’. இங்கிலீஷ் வழியாகப் போயிருந்தால் யெட், மோர், ஈவன், அனதர் என்று நான்கு கதவுகளைத் தட்டியிருக்க வேண்டும்.

அதனால், என்னிடம் பழக வரும் இளம் கைடுகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “தம்பி, இதை உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?” என்பதுதான். பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். தமிழை வைத்துப் பிரெஞ்சு படிப்பதா என்று பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவதைத்தான் நான் முக்கியமான வேலையாக நினைக்கிறேன்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. வினையடையை எங்கே வைப்பது என்பது அதில் ஒன்று. ‘நான் அடிக்கடி குடிப்பேன்’ என்று நாமும் இங்கிலீஷ்காரரும் வினைக்கு முன்னால் வைப்போம். பிரெஞ்சில் வினைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். இதற்கு வாய்ப்பழக்கம் தவிர வேறு வழியில்லை. இன்னொன்று ‘பியேன்’. நன்றாக என்று பொருள் சொல்வோம். ஆனால் டீயைக் குடித்துவிட்டு ‘ஜேம் பியேன்’ என்று ஒருவர் சொன்னால், பிடித்திருக்கிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு உடனே கால் கிலோ பாக்கெட்டைக் கட்டச் சொல்லும் பையன்களைத் தடுத்து நிறுத்துவதும் என் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ‘துஜூர்’. எப்போதும் என்றும் பொருள், இன்னும் என்றும் பொருள். ‘இல் ப்ளே துஜூர்?’ என்று விருந்தினர் கேட்டால், இன்னும் மழை விடவில்லையா என்றும் இருக்கலாம், இங்கே எப்போதுமே மழைதானா என்றும் இருக்கலாம். இலக்கணத்தில் தேடிப் பயனில்லை, ஆளைப் பார்க்க வேண்டும். சன்னல் பக்கம் திரும்பி, கையில் குடையோடு கேட்டால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த வருடப் பயணத்துக்கு நாள் குறித்துக்கொண்டே கேட்டால், ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபரில் வரும் வடகிழக்கையும் சொல்லி, ஜனவரியில் வரச் சொல்லுங்கள்.