பேண்ட் 2 சம்பளம், பேண்ட் 3 வேலை

2025 ஆகஸ்ட் சம்பளத்தில் 3.6 சதவீத உயர்வும் ஏப்ரலில் இருந்து வரவேண்டிய நிலுவையும் சேர்ந்து வந்தது. வார்டில் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான், யாருக்கு எவ்வளவு வந்தது, வரியில் எவ்வளவு போனது என்று. நர்ஸ்களின் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் இங்கிலாந்தில் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது வாக்களித்தவர்களில் 91 சதவீதம் பேர் இது போதாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் வார்டில் நர்ஸ்களுக்கு உதவியாக வேலை செய்யும் என்னைப் போன்ற ஹெல்த்கேர் அசிஸ்டென்டுகளுக்கு இந்தச் சதவீதத்தை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது, செய்வது மேல் பேண்ட் வேலை, வாங்குவது கீழ் பேண்ட் சம்பளம், அதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் டாக்டர்கள், பல் டாக்டர்கள், மிக உயர்ந்த மேலாளர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் 2004-இல் வந்த அஜெண்டா ஃபார் சேஞ்ச் என்ற ஒரே முறையில்தான் சம்பளம். ஒவ்வொரு வேலையையும் 16 அம்சங்களில் எடைபோட்டு ஒரு பேண்டில், அதாவது ஒரு சம்பள நிலையில் வைக்கிறார்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, இவை பேண்ட் 2. நோயாளியின் ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் அளந்து பதிவது, ரத்தம் எடுப்பது, இ.சி.ஜி. எடுப்பது, எளிய புண்களுக்குக் கட்டுப்போடுவது, இதெல்லாம் வழக்கமான வேலையாக இருந்தால் பேண்ட் 3. 2021 ஆகஸ்டில் தேசிய அளவிலான வேலை விவரக்குறிப்பைத் திருத்தியபோது இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டுவிட்டார்கள்.

நான் பேண்ட் 2. போன வாரம் ஒரு நைட் ஷிஃப்ட், ராத்திரி இரண்டு மணி சுற்று. வயதான ஒருவர் தூங்குகிறார், பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன், விரலில் கிளிப்பை மாட்டினேன், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். இருபத்தாறு. எண்ணியது தப்போ என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன், அதே இருபத்தாறுதான். நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்கும் எங்கள் மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று புள்ளி, உடனே நர்ஸிடம் சொல்லியாக வேண்டும். ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் டாக்டரை அழைத்தார், விடிவதற்குள் அந்தப் பெரியவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, எங்கள் வார்டில் எல்லா அசிஸ்டென்டும் தினமும் செய்வதுதான். ஆனால் என் வேலை விவரத் தாளில் இதில் ஒரு வரி கூடக் கிடையாது, குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மட்டும்தான் இருக்கிறது. ஒருவரைக் கூச்சப்படாமல் குளிப்பாட்டிவிடுவதும் சாதாரண வேலை இல்லை என்பது வேறு விஷயம்.

பொதுத்துறை ஊழியர்களின் யூனிசன் சங்கம் கையில் எடுத்திருப்பது இதைத்தான். பேண்ட் 3 வேலை செய்தவர்களுக்குப் பேண்ட் 3 சம்பளம், செய்த வருடங்களுக்கு நிலுவையோடு. நாட்டில் பல மருத்துவமனைகள் கேட்டதும் ஒத்துக்கொண்டன, சில இடங்களில் அசிஸ்டென்டுகள் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. இங்கிலாந்தின் வட மேற்கில் விர்ரல் பகுதியில் 2023-இல் தொடங்கி அடுத்த வருடம் வரை பல நாட்கள் வாசலில் நின்று, 2018 ஏப்ரல் வரை பின்னோக்கி நிலுவை வாங்கினார்கள். எங்கள் மருத்துவமனையில் இன்னும் "பரிசீலனையில் இருக்கிறது" என்றுதான் பதில். இதற்கிடையில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள், அவர்கள் உழைத்த வருடங்களுக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, பணம் எவ்வளவு வித்தியாசம்? 2025-26 கணக்குப்படி பேண்ட் 2-க்கு வருடம் 24,465 பவுண்டு. பேண்ட் 3-இல் தொடக்கம் 24,937, இரண்டு வருடம் முடித்த மேல் படி 26,598. நான் மேல் படிக்குப் போனால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் வருடத்துக்கு 2,133 பவுண்டு கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், 2025 ஏப்ரலில் நாட்டின் சட்டபூர்வ குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 ஆனபோது பேண்ட் 2 அதற்கும் கீழே போய்விட்டது, உயர்வு அறிவிப்பதற்கு முன்பே அவசரமாக அதைத் தூக்கிச் சமன்செய்தார்கள். நாங்கள் நிற்கும் இடம் அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள், எனக்கே சங்கப் பிரதிநிதி காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. இரவு எட்டு முதல் காலை ஆறு வரையும் சனிக்கிழமையும் பேண்ட் 2-க்கு 41 சதவீதம் கூடுதல், ஞாயிறும் பொது விடுமுறையும் 83 சதவீதம். பேண்ட் 3-க்கு இது 35, 69 என்று குறைகிறது. அதனால் நைட்டும் ஞாயிறும் அதிகம் பார்ப்பவரைப் பேண்ட் 3-இன் தொடக்கப் படியில் போட்டால் அவர் சம்பளம் கூடுவதற்குப் பதில் குறையும். அதே 2025-26 கணக்கைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குப் பேண்ட் 2-இல் ஏறத்தாழ 22.90 பவுண்டு, பேண்ட் 3 தொடக்கத்தில் 21.55. மேல் படியில் போட்டால்தான் 22.99, அதாவது சில பென்ஸ் கூட. ஆகவே "பேண்ட் 3 தருகிறோம்" என்று கடிதம் வந்தால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்தப் படி, எந்தத் தேதியில் இருந்து, இரவு, ஞாயிறு கூடுதலில் வரும் வித்தியாசத்தை நிலுவையில் இருந்து எப்படிக் கழித்திருக்கிறார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பல வருடமாக இதே வேலை செய்தவரைத் தொடக்கப் படியில் நிறுத்துவது நியாயமே இல்லை.

விசாவில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் ரகசியமாக வந்து கேட்பது ஒன்றுதான், சங்கத்தில் சேர்ந்தால், வேலைநிறுத்தத்தில் நின்றால் விசா போய்விடுமா? போகாது. சம்பளமில்லாமல் ஒரு வருடத்தில் நான்கு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தால் விசாவுக்காக மருத்துவமனை தரும் ஸ்பான்சர்ஷிப் பாதிக்கும் என்ற விதி உண்டுதான், ஆனால் சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்த நாட்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. சங்கத்தில் சேருவது இங்கே மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உள்ள உரிமை. இந்தப் பயத்தை யாராவது உங்களுக்குள் ஏற்றினால் சங்க அலுவலகத்தில் நேரே கேட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் வார்டில் ஒரு படிவம் சுற்றுகிறது. எந்த எந்த வேலையை எந்த வருடத்தில் இருந்து செய்கிறோம், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று எழுதவேண்டும். பதினொரு வருடம் இங்கே இருக்கும் அக்கா ஒருவர் முதலில் வாங்கவே மாட்டேன் என்றார். "எப்பவும் செய்றதுதானே, இதுல எழுத என்ன இருக்கு?" பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரத்தம் எடுக்க எப்போ கத்துக்கிட்டீங்க? யோசித்துவிட்டு, பழைய பையைத் துழாவி மடித்து வைத்திருந்த பயிற்சிச் சான்றிதழை எடுத்தார், 2016. அதன் பின்னால் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பராமரிப்புக்கு ஒன்று, இ.சி.ஜி.க்கு ஒன்று. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் பேனாவைக் கேட்டார். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார்.

வியாழக்கிழமை சங்கப் பிரதிநிதி வந்து வாங்கிக்கொள்வார். எங்கள் வார்டில் ஏழு பேர் கொடுத்துவிட்டார்கள், மீதி நான்கு பேர் நைட்டில் இருக்கிறார்கள், இன்று ராத்திரி நானும் நைட்டுதான். வெற்றுப் படிவங்கள் நான்கை மதியமே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.