பல்லுக்கொதியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளோடு வரும் தாய்மார் பல்லைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது குறைவு. "இரவில நித்திரை கொள்ளுறானில்லை டொக்டர்", "சோறு தீத்தினா தட்டி விடுறாள்", "தன்ர கன்னத்தில தானே அடிக்கிறான்" என்றுதான் தொடங்குவார்கள். அதற்குமுன் பல இடம் அலைந்து, "ஓட்டிசப் பிள்ளையெண்டா அப்பிடித்தான்" என்ற பதிலையும் கேட்டிருப்பார்கள்.

தீவுப்பகுதித் தாயொருவர் விடியப்புறமே படகேறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் பிடித்து மகனைக் கூட்டி வந்தார். பையனுக்குப் பேச்சில்லை. சில கிழமைகளாகத் தலையைச் சுவரில் இடிக்கிறானாம். "குளிசை குடுத்து அடக்கச் சொல்லுகினம். எனக்கு மனம் கேக்குதில்லை" என்றார். கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றின் அடியில் சீழ் கட்டி முரசு (ஈறு) வீங்கியிருந்தது. வளர்ந்தவர்களே தாங்கமாட்டாத கொதி அது. பல்லை எடுத்தபிறகு அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது, இடிப்பது நின்றுவிட்டதென்று சொல்லி அழுதார். பேசாத பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் வாய்க்குள் பாருங்கள் என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இந்தப் பிள்ளைகளின் பல் கெடுவதற்குத் தாய்மாரின் கவனக்குறைவே காரணமென்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. வலிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் பாணி மருந்துகள் பலவற்றில் சீனி இருக்கிறது. படுக்கும் நேரத்தில் அதைக் கொடுத்தால், உமிழ்நீர் குறையும் இரவு முழுவதும் சீனி பல்லில் ஒட்டிக் கிடக்கும். மெல்லவும் விழுங்கவும் கஷ்டப்படும் பிள்ளைக்குக் குழைத்துக் கொடுக்கும் சாப்பாடு கன்ன இடுக்கில் தங்கிவிடும். நாக்கு அதைத் துழாவி எடுக்காது. சொன்னதைச் செய்ததற்குப் பரிசாக ரொபியும் கிறீம் பிஸ்கட்டும் வேறு. சீனியில்லாத மருந்து கிடைக்குமா என்று மருந்தெழுதும் வைத்தியரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், மருந்து கொடுத்த பிறகு பல் தீட்டிவிட்டுப் படுக்க வையுங்கள்.

வலிப்புக்குப் பெனிடோயின் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு முரசு தடித்துப் பல்லை மூடி வளரும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு ஆபத்தானது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பல் பிந்தி முளைக்கும், சில பற்கள் முளைக்காமலே போகும். சூத்தையைவிட முரசு நோய்தான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருக்கும் என்பதால், பல் பிடுங்குமுன் இருதயக் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் பார்ப்பேன். சில இருதய நோய்களுக்கு முன்கூட்டியே அன்ரிபயோட்டிக் கொடுக்காவிட்டால், வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தின் உட்சுவரைத் தாக்கக்கூடும்.

கதிரையில் ஏற்றுவது தனி வேலை. 1959இல் அடெல்ஸ்ரன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் செய்கிறோம்: முதலில் சொல்லு, பிறகு காட்டு, அதன்பிறகு செய். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சொல்லைவிடப் படம் உதவும். கதிரை, விளக்கு, சிறு கண்ணாடி ஆகியவற்றைப் போனில் படமெடுத்துத் தாயிடம் அனுப்பினால் வீட்டிலேயே பார்த்துப் பழகிவிடும். சிலருக்கு மெசினின் சத்தம் ஆகாது, சிலருக்கு விளக்கு கண்ணைக் குத்தும், வேறு சிலருக்கு மின்ற் வாசமே போதும். சனம் குறைந்த காலை வேளையில் முதல் நம்பரை இவர்களுக்குக் கொடுக்கும்படி துண்டு எழுதுபவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வரிசையில் காத்திருக்கும் ஆட்கள் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் சனத்தின் அந்தப் பெருந்தன்மைக்கு நான் கடமைப்பட்டவன். எப்படியும் முடியாத பிள்ளைக்குத்தான் முழு மயக்கம் கொடுத்து, பார்க்க வேண்டிய பற்களை எல்லாம் ஒரே தடவையில் பார்ப்போம்.

வீட்டில் பல் தீட்ட, தாய் கதிரையிலோ திண்ணையிலோ இருந்து, பிள்ளையை முதுகுகாட்டி நிலத்தில் இருத்தித் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளலாம். ஒரு கையால் உதட்டை விலக்கி மறு கையால் தீட்டலாம். மூன்று வயதுக்குள் புளோரைட் பற்பசை ஓர் அரிசிமணியளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. துப்பத் தெரியாத பிள்ளைக்குத் தீட்டியபிறகு நுரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். "பாற்பல்தானே, விழுந்திடும்" என்று விடாதீர்கள். கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வேலை செய்ய வேண்டியவை.

முதற்பல் தெரிந்தவுடன் கூட்டி வாருங்கள், கொதி தொடங்குமுன் வாருங்கள். பிள்ளை கதிரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அன்றைக்கு அது போதும்.